சிப்பின் நாள்காட்டியில் வாழ்வது: மின்சுற்று வடிவமைப்புப் பேராசிரியர் ஆக விரும்புகிறவர்களுக்கு

ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவர்களாவது என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் தயங்கி இதைக் கேட்கிறார்கள்: "சர்க்யூட் டிசைனில் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்?" பதிலுக்கு நானும் ஒரு கேள்வி கேட்பேன். "ஒன்றரை வருடம் உழைத்து ஒரு சிப் செய்கிறீர்கள். அது வந்து சேர்கிறது. மின்சாரம் கொடுத்தால் உயிரே இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உங்களுக்கு வகுப்பு. போய்ப் பாடம் நடத்துவீர்களா?" கொஞ்சம் யோசித்து, பிறகு "நடத்துவேன்" என்று சொல்கிறவர்களை உட்காரச் சொல்லி மேற்கொண்டு பேசுவேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தத் துறையின் விசித்திரம் அதன் கடிகாரம். மென்பொருள் ஆராய்ச்சி செய்கிற பக்கத்து அறைக்காரருக்குத் திங்கட்கிழமை ஒரு யோசனை தோன்றினால், அது தேறுமா தேறாதா என்று வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துவிடுவார். நம்முடைய யோசனை முதலில் சுற்றாக வேண்டும், பிறகு லேஅவுட்டாக வேண்டும், அதாவது சிலிக்கானில் எது எங்கே அமையும் என்ற வரைபடமாக. லேஅவுட் கோப்பை ஆலைக்கு அனுப்புவதற்கு டேப்-அவுட் என்று பெயர். அனுப்பி மூன்று நான்கு மாதம் கழித்து, விரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் துண்டுகள் ஒரு டப்பாவில் வரும். அவற்றைப் பொதிந்து, பலகையில் ஏற்றி, அளந்து முடிக்க இன்னும் சில மாதம். ஆக, ஒரு சுழற்சிக்கு ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்குப் பணி நிரந்தரத்துக்கான மதிப்பீடு பல பல்கலைக்கழகங்களில் ஐந்தாறு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. ஒரே ஆராய்ச்சிப் போக்கில் நான்கு சிப்புக்குத்தான் நேரம் இருக்கிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள். ஒவ்வொரு முடிவிலும் இது வந்து குறுக்கே நிற்கும்.

முனைவர் பட்டத்துக்குக் குழுவைத் தேர்ந்தெடுப்பது

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், குழுவைப் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும். ஒரு மாணவர் பட்டம் வாங்குவதற்குள் எத்தனை சிப் செய்கிறார்? லேஅவுட்டை யார் வரைகிறார்? வந்த சிப்பை யார் அளக்கிறார்? இவற்றைப் பேராசிரியரிடம் கேட்காமல், நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். இரண்டு மூன்று சிப், மூன்று வேலையையும் மாணவரே செய்கிறார் என்றால் நல்ல இடம். "சிமுலேஷன் வரைக்கும் நாங்கள், மற்றதெல்லாம் கூட்டாளி நிறுவனம்" என்று சொன்னால் யோசியுங்கள். அங்கே சேர்ந்து நல்ல வேலைக்குப் போகலாம். ஆனால் நாளைக்குச் சொந்தமாக ஓர் ஆய்வகத்தைத் தொடங்க வேண்டியவருக்கு அந்த "மற்றதெல்லாம்" தான் தேவை.

முடிந்தால் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். கருவிகள் துடைத்துவைத்த பொம்மைகள் போல் வரிசையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மேசை கலைந்து, பாதி பிரித்த சோதனைப் பலகையும், "எடுக்காதே, சனிக்கிழமை வரை அளவீடு ஓடுகிறது" என்று எழுதி ஒட்டிய காகிதமும் கிடந்தால் அது உயிருள்ள குழு.

ஆலையின் விதிகளும் டிரான்சிஸ்டர் மாதிரிகளும் அடங்கிய வடிவமைப்புக் கோப்புகள் கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கான கோப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டன. எக்ஸ்ஸ்கீமில் சுற்றை வரைந்து, என்ஜிஸ்பைஸில் ஓட்டி, மேஜிக்கிலோ கேலேஅவுட்டிலோ லேஅவுட் போட்டுப் பழகலாம். எல்லாம் இலவசம். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது "லேஅவுட்டும் போட்டுப் பார்த்திருக்கிறேன்" என்று ஒரு பெருக்கியைக் காட்டுகிறவருக்கும், மதிப்பெண் பட்டியலை மட்டும் காட்டுகிறவருக்கும் என் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு.

சிமுலேட்டரைத் திறப்பதற்கு முன்

சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் 1973-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. லாரன்ஸ் நேகல் என்ற மாணவரும் டொனால்டு பெடர்சன் என்ற பேராசிரியரும் உருவாக்கியது, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் அதன் வாரிசுகள்தான் இன்றும் ஓடுகின்றன. அதற்கு நாம் கொடுத்த விலை ஒன்று உண்டு: ஒரு சுற்றைப் புரிந்துகொள்ளாமலேயே, எண்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, ஏதோ ஒரு இரவில் அதை வேலை செய்யவைத்துவிட முடிகிறது. அப்படி வளர்ந்தவரைக் கரும்பலகை முன் நிறுத்தினால் ஐந்தாவது நிமிடம் தெரிந்துவிடும்.

என்ன சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் சுற்று ஒன்று வேண்டும். வீச்சு 1 வோல்ட், 12 பிட். உள்ளே வரும் மின்னழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மின்தேக்கி 1 பிக்கோஃபாரட் போதுமா? போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, மின்தேக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். அறை வெப்பநிலையில் சுமார் 64 மைக்ரோவோல்ட். மின்தேக்கி தானாகவே சுமக்கும் வெப்ப இரைச்சல் அது. எந்தச் சாமர்த்தியத்தாலும் அதைக் கழற்றிவிட முடியாது. இப்போது மறுபக்கம்: 1 வோல்ட்டை 4096 படிகளாக வெட்டினால் ஒரு படி 244 மைக்ரோவோல்ட். படியாக வெட்டுவதால் வரும் பிழை, படியை 12-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது சுமார் 70 மைக்ரோவோல்ட். இரண்டும் ஏறக்குறைய சமம். ஆகவே 1 பிக்கோஃபாரட் தாங்கும், ஆனால் மற்ற இரைச்சல்களுக்கு இடம் மிச்சமில்லை. சரி, 14 பிட் வேண்டும் என்றால்? பிழை நான்கில் ஒன்றாகிறது. அதே விகிதத்தைக் காப்பாற்ற மின்தேக்கி பதினாறு மடங்கு ஆக வேண்டும். 16 பிக்கோஃபாரட். அதை அதே வேகத்தில் ஓட்டும் பெருக்கி குடிக்கும் மின்னோட்டமும் கூடவே ஏறும். இரண்டு பிட் கூடுதலாகக் கேட்டவருக்குப் பில் எவ்வளவு வரும் என்று மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டோம். சிமுலேட்டரைத் தொடவில்லை.

இந்தக் கணக்கை எத்தனையோ வேட்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். தடுமாறுகிறவர்கள் மோசமான பொறியாளர்கள் இல்லை. மாணவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து "சார், ஏன் வரவில்லை?" என்று கேட்கும்போது சிமுலேஷன் முடிய இரண்டு மணி நேரம் காத்திருந்து பதில் சொல்லுகிற பேராசிரியராக அவர்கள் ஆகிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

லேஅவுட்டையும் கையால் போட்டுப் பழகுங்கள். ஒரே மாதிரி வரைந்த இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான பொருத்தமின்மையைப் பாதியாக்க வேண்டுமானால் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை மார்செல் பெல்க்ரோமும் சகாக்களும் 1989-இல் அளந்து எழுதினார்கள். அதைப் படிக்காத அனலாக் வடிவமைப்பாளர் இல்லை. ஆனால் பரப்பைக் கூட்டியபின், ஒரு டிரான்சிஸ்டரின் மேல் உலோகக் கம்பி ஓடுகிறது, மற்றதன் மேல் ஓடவில்லை என்பதால் அந்தப் பலன் வீணாவதை லேஅவுட் போட்டவர் மட்டும்தான் பார்த்திருப்பார்.

அளவீட்டுக்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். என் மாணவப் பருவத்தில் ஒரு சிப்பின் வெளியீட்டு நிறமாலையில் 130 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முள் துருத்திக்கொண்டு நின்றது. மூன்று நாள் சுற்றின் மேல் பழி போட்டோம். மின்தேக்கிகளை மாற்றினோம், பலகையை மாற்றினோம், தரை இணைப்பை மாற்றினோம். நான்காம் நாள் பக்கத்து மேசைத் தோழி மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது மடிக்கணினியைச் சார்ஜரோடு எடுத்துக்கொண்டு போனாள். முள் மறைந்தது. அவள் திரும்பி வந்ததும் முள்ளும் வந்தது. அன்றிலிருந்து எந்த விசித்திர அளவீட்டுக்கும் முதலில் மேசையைச் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

நம் துறையில் பெரும்பாலான தலைப்புகளுக்குக் கட்டுரை என்றால் அளந்த சிப் என்று பொருள். சிப்பின் புகைப்படம் வேண்டும், முந்தைய வேலைகளோடு ஒப்பிடும் அட்டவணை வேண்டும். உச்சத்தில் இருப்பது ஐ.எஸ்.எஸ்.சி.சி. எனப்படும் சர்வதேச சாலிட்-ஸ்டேட் சர்க்யூட்ஸ் மாநாடு. 1954-இல் தொடங்கியது, இப்போது பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கூடுகிறது. அடுத்து ஜூனில் ஹோனலுலு, கியோட்டோ என்று மாறி மாறி நடக்கும் வி.எல்.எஸ்.ஐ. கருத்தரங்கு. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் தனி மாநாடுகள் உண்டு. விரிவான வடிவத்துக்கு, 1966 முதல் வெளிவரும் ஜர்னல் ஆஃப் சாலிட்-ஸ்டேட் சர்க்யூட்ஸ்.

ஐ.எஸ்.எஸ்.சி.சி.க்குக் கட்டுரை அனுப்பும் கெடு செப்டம்பர் தொடக்கத்தில் வரும். அங்கிருந்து பின்னால் எண்ணுவோம். எழுதவும் படங்கள் போடவும் ஆகஸ்ட் போய்விடும். அளவீட்டுக்கு ஜூன், ஜூலை. அப்படியானால் சிப் மே இறுதியில் கையில் இருக்க வேண்டும். ஆலை, வெட்டல், பொதியல் எல்லாம் சேர்த்து நான்கு மாதம் என்று வைத்தால் டேப்-அவுட் ஜனவரி. லேஅவுட்டுக்கும், அதிலிருந்து எடுத்த ஒட்டுண்ணி மின்தேக்கங்களோடு (கம்பிகள் அருகருகே ஓடுவதால் தானாக வந்து ஒட்டிக்கொள்பவை) திரும்ப ஓட்டிப் பார்ப்பதற்கும் மூன்று மாதம் வேண்டும். அதாவது இந்தச் செப்டம்பரில் ஒரு கட்டுரையை அனுப்பிவிட்டு நிமிரும்போது, அடுத்த செப்டம்பருக்கான சுற்று ஏற்கெனவே உறுதியாகியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் யாருக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஓராண்டைத் தொலைத்துவிட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

டேப்-அவுட் முடிந்ததும் தூங்கலாம், இரண்டு நாள். மூன்றாம் நாள் சோதனைப் பலகையை வரையத் தொடங்க வேண்டும். சிப் வந்தபின் பலகையைப் பற்றி யோசிக்கிறவர் ஆறு வாரத்தைத் தானம் செய்கிறார்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே போல் முடிவிலிருந்து தொடங்குங்கள். அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளுக்கு, ஐ.எஸ்.எஸ்.சி.சி.யிலும் வி.எல்.எஸ்.ஐ. கருத்தரங்கிலும் 1997 முதல் வந்தவற்றின் அளவீடுகளையெல்லாம் போரிஸ் முர்மன் ஒரே பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறார். அதை வரைபடமாகப் போட்டு, உங்கள் சுற்று எல்லாம் நினைத்தபடி நடந்தால் எந்த இடத்தில் புள்ளியாக உட்காரும் என்று பென்சிலால் குறியுங்கள். கூட்டத்தின் நடுவே விழுந்தால் வேறு யோசனை தேடுங்கள். மற்ற தலைப்புகளுக்கு இப்படிப் பட்டியல் இல்லாவிட்டால் நீங்களே ஒன்று தயாரியுங்கள். ஒரு வாரம் ஆகும்; ஒன்றரை வருடத்தைக் காப்பாற்றும்.

நடுவில் கம்பெனி வேலை

போகலாமா என்று கேட்டால், இரண்டு மூன்று ஆண்டு போய் வாருங்கள் என்பேன். லட்சக்கணக்கில் விற்க வேண்டிய சிப்பை, மைனஸ் 40 முதல் 125 டிகிரி வரை எல்லா நிலைகளிலும் வேலை செய்யவைப்பது எப்படி என்று அங்கேதான் தெரியும். ஆனால் போகும்போது கட்டுரைகள் நின்றுபோகும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஐந்தாறு ஆண்டு தாண்டினால் தேர்வுக் குழுக்கள் பட்டியலில் அந்த வெள்ளை இடத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கும். சம்பளமும் பழகிவிடும்.

விண்ணப்பமும் நேர்காணலும்

தன்விவரம், ஆராய்ச்சித் திட்டம், கற்பித்தல் குறித்த குறிப்பு, பரிந்துரைக் கடிதங்கள். இவற்றில் மற்றதெல்லாம் உங்கள் கையில். கடிதங்கள் பிறர் கையில். உங்கள் வழிகாட்டியைத் தவிர இன்னும் இருவராவது உங்கள் சிப்பை நேரில் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். மாநாட்டில் உங்கள் உரை முடிந்தபின் மேடைக்கு வந்து கடுமையாகக் கேள்வி கேட்ட மூத்தவரை விட்டுவிடாதீர்கள். அவருக்குப் பதில் எழுதி அனுப்புங்கள். அவர் நினைவு வைத்திருப்பார்.

ஆராய்ச்சித் திட்டத்தில் பெரும்பாலோர் செய்யும் பிழை, முனைவர் பட்ட வேலையை இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் குறைந்த மின்திறனில் செய்வேன் என்று எழுதுவது. வழிகாட்டியின் நிழலிலிருந்து எப்போது வெளியே வருவீர்கள் என்பதைத்தான் குழு தேடுகிறது.

நேர்காணல் உரைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர்களில் சுற்று தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். மின்சக்தித் துறைக்காரர் இருப்பார், சமிக்ஞைக் கோட்பாட்டாளர் இருப்பார், ஒளியியல் ஆள் இருப்பார். டிரான்சிஸ்டர் படத்தை நான்காவது நிமிடத்திலேயே போட்டால் அவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். "இந்தச் சுற்று இல்லாவிட்டால் எது நடக்காது" என்பதை முதல் பத்து நிமிடம் சொல்லுங்கள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் ஆழமாக இறங்குங்கள், அந்த மூன்று பேருக்காக. பிறகு மேலே வந்துவிடுங்கள்.

பேரம்

வேலை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தொடக்க நிதி பற்றிப் பேசும் அந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு இருக்கும் செல்வாக்கு, அதற்குப் பின் பல ஆண்டுகளுக்கு வராது.

கருவிகளைப் பட்டியல் போடுவது எல்லோருக்கும் நினைவிருக்கும்: ஆசிலோஸ்கோப், நிறமாலைப் பகுப்பி, சிக்னல் ஜெனரேட்டர், புரோப் ஸ்டேஷன். இவற்றில் பாதியைப் பழையதாக வாங்கினால் போதும். குறைந்த இரைச்சலில் அளக்க வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். மறந்துபோவது வேறு மூன்று. முதலாவது, டேப்-அவுட்டுக்கான பணம். குறைந்தது இரண்டு டேப்-அவுட்டுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். முதலாவது தோற்கும் என்று வைத்துக்கொண்டே கேளுங்கள். பல குழுக்கள் ஒரே வேஃபரை, அதாவது சிப்கள் வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டத் தகட்டை, பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் மோசிஸ் 1981-இலேயே தொடங்கிவிட்டது, ஐரோப்பாவில் யூரோபிராக்டிஸ் இருக்கிறது. செலவு குறையும், ஆனால் அவர்கள் குறித்த தேதிக்கு நீங்கள் ஓட வேண்டும். இரண்டாவது, வடிவமைப்பு மென்பொருள். கேடென்ஸ், சினாப்சிஸ், சீமென்ஸ் மூன்றுமே பல்கலைக்கழகங்களுக்குத் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. மென்பொருளை வாங்குவது சுலபம். சர்வரில் அதை உயிரோடு வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று கேளுங்கள். "நீங்களே பார்த்துக்கொள்ளலாமே" என்றால், உங்கள் முதல் மாணவர் முதல் ஆண்டு முழுவதும் சர்வர் பராமரிப்பாளராக இருப்பார்.

மூன்றாவதுதான் கொடுமை. ஆலையின் கோப்புகளைப் பெற ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட வேண்டும். ஆலையின் வழக்கறிஞரும் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவும் ஒரு வாக்கியத்தை முன்னும் பின்னுமாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு ஏழு மாதம் ஆனது. வேலையில் சேரும் முன்பே, நியமன ஆணை வந்த வாரத்திலேயே, இதைத் தொடங்கச் சொல்லுங்கள். எந்தெந்த மாணவர்கள் கோப்பைத் தொடலாம், எந்தக் கணினியில் வைக்கலாம் என்ற நிபந்தனைகளும் அதில் இருக்கும். படிக்காமல் விடாதீர்கள்.

முதல் சிப்

உதவிப் பேராசிரியராக என் முதல் சிப் 65 நானோமீட்டரில் ஒரு 10-பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றி. ஐந்து மாதம் கழித்து வந்தது. மாணவர் சிப்பின் முனைகளை மெல்லிய கம்பிகளால் இணைத்து (ஒயர் பாண்ட்), பலகையில் ஏற்றி, மின்வழங்கியில் மின்னோட்ட வரம்பைக் குறைவாக வைத்து மெல்ல மின்னழுத்தத்தை ஏற்றினார். இதுவரை எல்லாம் சரியாகச் செய்தார். ஒப்பீட்டுச் சுற்று வேலை செய்தது. குறிப்பு மின்னழுத்தம் வந்தது. டிஜிட்டல் பகுதி மட்டும் பேச மறுத்தது. சில சமயம் பாதி உயிரோடு ஏதோ முனகும், பிறகு மௌனம்.

இரண்டு வாரம் கழித்துக் காரணம் கிடைத்தது. டிஜிட்டல் பகுதிக்கான மின்வழங்கிக் கம்பி லேஅவுட்டில் இரண்டு துண்டுகளாக இருந்தது. நடுவில் சில மைக்ரோமீட்டர் இடைவெளி. லேஅவுட்டும் சுற்றுப்படமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனையில் இது அகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு: ஒரே பெயர் எழுதிய கம்பிகள் தொடாமல் இருந்தாலும் இணைந்திருப்பதாக எடுத்துக்கொள். பாதி முடித்த லேஅவுட்டைச் சோதிக்கும்போது அது உதவும். மாணவர் அக்டோபரில் அதைப் போட்டார், எடுக்க மறந்தார். டேப்-அவுட் இரவில் திரையில் பச்சை நிறத்தில் "சரி" என்று வந்தது. நானும் பார்த்தேன். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. அவர் மாணவர், கையெழுத்து என்னுடையது.

தனித்தனிப் பகுதிகளுக்குச் சோதனை முனைகள் வெளியே கொண்டுவந்திருந்ததால், ஒப்பீட்டுச் சுற்றை மட்டும் அளந்து ஒரு சிறிய மாநாட்டுக்கு அனுப்ப முடிந்தது. மற்றபடி எட்டு மாதம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு என் ஆய்வகத்தில் சில விதிகள். கடைசிச் சோதனையைச் சிப் செய்தவர் ஓட்டக் கூடாது. வேறொரு மாணவர், புதிய கோப்புறையில், எந்த விருப்பமும் தொடாத அமைப்போடு ஓட்ட வேண்டும். ஆலைக்கு அனுப்பிய கோப்பைத் திரும்ப இறக்கி, அதன் மேல் மறுபடி ஒருமுறை ஓட்ட வேண்டும். கெடுவுக்கு முந்தைய பத்து நாளில் புதிய யோசனை எதையும் உள்ளே விடக் கூடாது, அது என் யோசனையாக இருந்தாலும். ஒவ்வொரு பகுதிக்கும் வெளியிலிருந்து மின்னோட்டத்தையும் கடிகாரத்தையும் கொடுக்க ஒரு பின்வாசல் வைக்க வேண்டும். முனைகள் வீணாகின்றன என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

உங்கள் முதல் சிப்பும் சிறியதாக இருக்கட்டும். புதிய சர்வர், புதிய ஆலை, புதிய மாணவர், புதிய பலகை, எல்லாமே ஒரே நேரத்தில் முதன்முறையாக ஓடப்போகின்றன. சுற்றாவது பழக்கமானதாக இருக்கலாம்.

வகுப்பறை

அடிப்படை மின்சுற்றுப் பாடத்தைப் புதியவர் தலையில்தான் கட்டுவார்கள். முதல் முறை, ஒரு மணி நேர வகுப்புக்கு எட்டு மணி நேரம் தயாரித்தேன். இரண்டாம் ஆண்டு இரண்டு மணி நேரம் போதும். அதனால் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அதே பாடத்தைக் கேட்டு வாங்குங்கள்; ஆண்டுக்கொரு புதிய பாடம் என்றால் சிப் நாள்காட்டி சிதறிவிடும். டேப்-அவுட் மாதத்தில் தேர்வுத்தாள் திருத்தும் வாரம் வராமல் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்மறைப் பின்னூட்டத்தை நடத்தும் நாள் எனக்குப் பிடித்தமானது. கஷ்டப்பட்டுச் சேர்த்த பெருக்கத்தை ஏன் வேண்டுமென்றே தூக்கி எறிய வேண்டும் என்று மாணவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் 1927 ஆகஸ்டில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது இது தோன்றி, கையிலிருந்த செய்தித்தாளிலேயே எழுதிவைத்தார். 1928-இல் கேட்ட காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது. "உங்களுக்கு இருக்கும் அதே சந்தேகம் அன்றும் பலருக்கு இருந்தது" என்று சொன்னபின் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். அப்போது, பெருக்கம் 10,000-லிருந்து 5,000-ஆகப் பாதி விழுந்தாலும் பின்னூட்டம் போட்ட பெருக்கி 99-லிருந்து 98-க்குத்தான் நகர்கிறது என்பதைப் பலகையில் போட்டுக் காட்டுவேன். எறிந்ததற்கு என்ன கிடைத்தது என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகள் கழித்து, மாணவர்களே சிப் செய்யும் பாடம் ஒன்றைத் தொடங்குங்கள். லின் கான்வே 1978-இல் எம்.ஐ.டி.யில் அப்படி ஒரு பாடம் நடத்தி, மாணவர்களின் வடிவமைப்புகளை உண்மையிலேயே சிலிக்கானில் செய்து காட்டினார். பகிர்ந்த வேஃபர் முறை பல்கலைக்கழகங்களில் பரவியதற்கு அதுவும் ஒரு தொடக்கம். திறந்த கோப்புகள் வந்தபின் இன்று அது முன்னைவிட எளிது. இதில் சுயநலமும் உண்டு: உங்கள் அடுத்த முனைவர் பட்ட மாணவர் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஆட்களும் பணமும்

முதல் இரண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். அவர்கள்தான் பின்னால் வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். மதிப்பெண்ணோடு, கையால் எதையாவது பிரித்துச் சேர்த்த பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் முதல் சிப் மூத்தவர் ஒருவருடைய சிப்பின் ஒரு மூலையாக இருக்கட்டும்.

நிறுவனங்கள் தரும் பணம் சீக்கிரம் வரும். ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் விடாதீர்கள்: அளவீடுகளை வெளியிடுவதில் ஆட்சேபம் இருந்தால் இத்தனை நாளுக்குள் அவர்கள் சொல்லிவிட வேண்டும். நாள் கணக்கு எழுதாத ஒப்பந்தம், செப்டம்பர் கெடுவுக்கு முந்தைய நாள் உங்கள் கையைக் கட்டிப்போடும். பல்கலைக்கழக உரிமத்தில் வாங்கிய மென்பொருளை அந்த நிறுவனத்தின் விற்பனைப் பொருளுக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் உரிமத்தைத் திறந்து படித்துவிட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் கூடாது என்றுதான் இருக்கும்.

பணி நிரந்தரமும் அதற்குப் பிறகும்

மதிப்பீட்டின்போது வெளியிலிருந்து கடிதங்கள் கேட்பார்கள். எழுதுகிறவர்கள் உங்கள் கட்டுரையை மதிப்பாய்வு செய்தவர்களாகவோ, மாநாட்டுக் குழுவில் உங்களோடு உட்கார்ந்தவர்களாகவோ இருப்பார்கள். ஆகவே பிறர் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்யும் வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். தேதிக்குள் முடித்து, காரணத்தோடு எழுதுங்கள். கோப்பில் கட்டுரைப் பட்டியலின் பக்கத்திலேயே ஒவ்வொரு சிப்புக்கும் டேப்-அவுட் தேதி, அளந்த தேதி, எந்த மாணவர் என்று ஓர் அட்டவணை வையுங்கள். மற்ற துறைக்காரர்கள் உங்கள் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து இவ்வளவுதானா என்று நினைப்பார்கள். அந்த அட்டவணையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். முதல் சிப் தோற்றிருந்தால் அதையும் எழுதுங்கள். நான் எழுதினேன்.

நிரந்தரமானபின் ஓராண்டு ஆய்வு விடுப்பு வரும். சிலர் அப்போது சொந்தமாக நிறுவனம் தொடங்குகிறார்கள், சிலர் தலைப்பையே மாற்றிக்கொள்கிறார்கள்: மாற்றிகளிலிருந்து உயிரியல் உணரிகளுக்கு, ரேடியோவிலிருந்து மின்திறன் மேலாண்மைக்கு. எதற்குப் போனாலும், கிளம்பும் தேதியைக் குறிப்பதற்கு முன் ஆய்வகத்தின் அடுத்த டேப்-அவுட் தேதியைப் பாருங்கள். அந்த இரவில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடப்போவது யார் என்று முடிவு செய்து, அவர் பெயரை ஆய்வகச் சுவரில் எழுதிவிட்டுப் போங்கள்.